குரலைப் பொட்டலம் கட்டுகிறவர்கள்

டெலிபோன் இலாகாவிலும், அந்த இலாகா கம்பெனியாக மாறிய பிறகு அதிலுமாக முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனைக் கடல் கடந்து போன இடத்திலும் டெலிபோன் விட்டபாடில்லை. நியூ ஜெர்ஸியில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போயிருந்தபோது, ஒரு நாள் காலையில் நான் காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் மாப்பிள்ளை ஒரு வர்ணக் காகிதத்தை என் முன்னால் விரித்தார்.

"மாமா, நீங்க டெலிபோன்லயே இருந்தவங்க. இந்த இன்டர்நெட் போன் கம்பெனியை நம்பலாமான்னு பார்த்துச் சொல்லுங்களேன். ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக் கட்டினா பாதி விலைதானாம்."

எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், குரல் பக்கத்தில் இருந்து பேசுவது போலக் கேட்கும், சேவை 99.9 சதவீதம் நிச்சயம் என்று அந்தக் காகிதத்தில் இருந்தவை எல்லாம் வழக்கமான விளம்பர வாசகங்கள்தாம். கடைசி வாசகத்தைப் பார்த்ததும், பழைய புத்தி போகாமல், காகிதத்தின் ஓரத்திலேயே ஒரு கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 8,760 மணி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எட்டே முக்கால் மணி. அந்த எட்டே முக்கால் மணி நேரம் எல்லோரும் தூங்குகிற நள்ளிரவில் வருமா, யாருக்காவது நெஞ்சுவலி வந்த அன்றைக்கு வருமா என்பதைப் பற்றிக் காகிதம் ஒன்றும் பிரஸ்தாபிக்கவில்லை. டெலிபோன் உலகத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் இலட்சியம் 99.999 சதவீதம், அதாவது வருஷத்துக்கு ஐந்தேகால் நிமிஷம். தசம புள்ளிக்குப் பின்னால் இரண்டு ஒன்பதுகளை விட்டுவிட்டால் விலை பாதியாவதில் ஆச்சரியம் இல்லை.

பழைய தொலைபேசியின் தர்மம் மிகவும் எளிமையானது. இரண்டு பேர் பேசத் தொடங்கினால், அவ்விருவருடைய வீடுகளிலிருந்தும் புறப்படும் செப்புக் கம்பிகளை, நிலையத்தில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் ஸ்ட்ரோஜர் ஸ்விட்சுகள் கடகடவென்று படியேறித் திரும்பி ஒன்றோடொன்று இணைத்துவிடும். அவர்கள் பேசினாலும் சரி, பேசாமல் வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் சரி, ரிஸீவரைக் கீழே வைக்கும் வரையில் அந்தப் பாதை முழுவதும் பட்டா எழுதிக் கொடுத்தது போல் அவர்களுக்கே சொந்தம். கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில்தான் வரும். நிலையத்தின் பின்கட்டில், அமில நெடி மூக்கைத் துளைக்கும் ஓர் அறையில், இரண்டு வோல்ட் ஈயக் கலங்கள் இருபத்து நாலு தொடராக நின்று 48 வோல்ட்டைச் சதா கொடுத்துக்கொண்டிருக்கும். ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்து நோட்டில் குறிப்பது புதிதாகச் சேர்ந்தவனுடைய வேலை. என் முதல் வருஷத்துச் சட்டைகளில் அமிலம் தெறித்து ஓட்டை விழாதது ஒன்றுகூட இல்லை. புயல் அடித்து ஊரே இருண்டு கிடந்தாலும், கம்பி அறுந்தாலொழிய, டெலிபோன் மட்டும் உயிரோடு இருந்ததன் ரகசியம் அந்த அறைதான்.

இந்த ஸ்ட்ரோஜர் என்பவர் எஞ்சினீயர் அல்லர். அமெரிக்காவில் கான்ஸாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துகொண்டிருந்தவர். தம்மைத் தேடி வரும் அழைப்புகளை டெலிபோன் ஆபரேட்டர் வேண்டுமென்றே போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆபரேட்டரே வேண்டாத யந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1891-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, டெலிபோன் கொடுப்பவரை எதுவரை நம்பலாம் என்ற மாப்பிள்ளையின் கேள்விக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல் ஆகிறது என்பது மட்டும் நிஜம்.

இணையத் தொலைபேசியில் பட்டா எழுதிய பாதை என்று ஒன்று கிடையாது. அங்கே குரல் முதலில் எண்ணாகிறது, எண் பொட்டலமாகிறது, பொட்டலம் ஊர்ப் பொதுச்சாலையில் மற்ற எல்லாப் பொட்டலங்களோடும் முண்டியடித்துக்கொண்டு போகிறது. குரலை எண்ணாக்கும் வித்தையை 1937-இல், பாரிஸ் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் கண்டார். பேச்சு என்பது காற்றில் எழும் அலை. டெலிபோனுக்கு அந்த அலையில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியே போதும் என்று வைத்துக்கொண்டு, அலையின் உயரத்தை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட் கொண்ட ஓர் எண்ணாக எழுதினால், வினாடி ஒன்றுக்கு 64,000 பிட் ஆகிறது. இந்த வரிசையை இருபது மில்லி வினாடிக்கு ஒன்றாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் 160 பைட் சரக்கு இருக்கும். எஞ்சினீயர்கள் பாக்கெட் என்று சொல்லும் இதை, மளிகைக்கடைப் பழக்கத்தில் நாம் பொட்டலம் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

என் பேரன் மாடியிலிருந்து "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட அரை வினாடி பிடிக்கிறது என்றால், அந்த ஒரு கூப்பாடு இருபத்தைந்து பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும், எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, வரிசையில் எத்தனையாவது என்ற விவரங்கள் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. அந்தச் சீட்டு மாத்திரம் 40 பைட். சரக்கு 160-க்குச் சீட்டு 40 என்றால் கட்டுபடியாகும். ஜி.729 என்ற முறையில் சரக்கைச் சுருக்கு சுருக்கு என்று சுருக்கி 20 பைட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அப்போது இருபது கிராம் ஏலக்காயை நாற்பது கிராம் காகிதத்தில் மடித்துக் கொடுத்த கதையாகிவிடுகிறது. இப்படிக் குரலைப் பொட்டலமாக அனுப்பும் பரீட்சைகளை இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் டானி கோஹன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1970-களிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். சாமானியர் காசு கொடுத்து வாங்கும் சரக்காக அது கடைக்கு வந்தது 1995-இல், இஸ்ரேல் தேசத்து வோக்கல்டெக் கம்பெனியின் வாயிலாக.

கடிதமும் படமும் பணமும் போகிற பொட்டலங்களுக்கு இணையத்தில் ரிஜிஸ்தர் தபால் போன்ற ஓர் ஏற்பாடு உண்டு: வழியில் ஒன்று காணாமற்போனால், பெறுகிறவர் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வார். குரலுக்கு அந்த ஏற்பாடு உதவாது. "அம்மா"வின் பத்தாவது பொட்டலம் தொலைந்தது என்று கடிதம் எழுதி வரவழைப்பதற்குள் பேரன் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பான். பந்தி எழுந்த பிறகு வருகிற பாயசத்தை என்ன செய்வது? ஆகவே குரல் சாதாரணத் தபாலில்தான் போகிறது. வந்தால் வந்தது, வராவிட்டால் போனது. இணையத் தொலைபேசியின் சௌகரியம், அசௌகரியம் இரண்டும் இந்த ஒரு தீர்மானத்தில் பிறந்தவை.

அதற்கு வரும் வியாதிகளில் முதலாவது தாமதம். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போய்ச் சேர 150 மில்லி வினாடிக்குள் ஆனால் பெரும்பாலோருக்கு உறுத்தாது, 400-ஐப் பொதுவாகத் தாண்ட விடக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நிர்ணயம். நியூ ஜெர்ஸியிலிருந்து கும்பகோணத்திலுள்ள என் அக்காவோடு பேசுவதற்கு இந்த 150-ஐ எப்படிச் செலவழிக்கிறோம் என்று பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேர்க்கோட்டில் 13,500 கிலோமீட்டர் என்றால் அதற்கே 67 மில்லி வினாடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போகாமல் கண்டங்களைச் சுற்றி வளைந்து போவதால் அது நூறைத் தாண்டிவிடுகிறது. பொட்டலம் கட்ட இருபது. அந்தப் பக்கம் பிரித்து அடுக்க நாற்பது. ஆக, கம்பெனியார் ஒரு தப்பும் செய்யாமலே பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. இதில், செலவு குறையும் என்பதற்காக அவர்கள் அழைப்பை இன்னொரு கண்டத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டுபோனால், உரையாடல் இப்படி ஆகிறது:

"அக்கா, ஒடம்பு..." "நீ எப்படா..." "சொல்லுக்கா..." "இல்லடா, நீ சொல்லு..."

இருவரும் ஒரே சமயத்தில் பேசி, இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தி, இருவரும் மரியாதை பார்த்து மௌனமாக இருந்து, மறுபடி ஒரே சமயத்தில் ஆரம்பிப்போம். சர்வதேச அழைப்புகள் செயற்கைக்கோள் வழியாகப் போன காலத்தில் இது சர்வசாதாரணம். 36,000 கிலோமீட்டர் ஏறி, அவ்வளவு தூரம் இறங்குவதற்கே கால் வினாடி போய்விடும். அது இயற்கையின் விதி என்று பொறுத்துக்கொண்டோம். இன்றைக்குக் கேட்கிற தாமதத்தில் பாதி, யாரோ ஒருவருடைய சிக்கன புத்தி.

இரண்டாவது வியாதி நடுக்கம், ஜிட்டர் என்பார்கள். வினாடிக்கு ஐம்பது பொட்டலம் ஒரே தாளத்தில் புறப்பட்டாலும், வழியில் ஒன்று நின்று, ஒன்று முந்தி, இருபது மில்லி வினாடிக்கு ஒன்றாக வர வேண்டியவை ஐந்தில் ஒன்றும் ஐம்பதில் ஒன்றுமாக வந்து விழும். அப்படியே காதுக்குள் விட்டால் பேச்சு, தாளம் தப்பிய கச்சேரி போல் இருக்கும். ஆகையால் பெறுகிற கருவி வாசலில் ஒரு திண்ணை கட்டி வைத்திருக்கிறது. வருகிறவர்கள் அதில் சற்று உட்கார்ந்து, வரிசை கூடிய பிறகு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போக வேண்டியது. திண்ணை சிறிதானால் இடம் இல்லாமல் சிலரைத் திருப்பி அனுப்ப நேரும். பெரிதானால் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் தாமதத்தில் சேர்ந்துவிடும். நல்ல கருவி சாலையின் நிலைமையைப் பார்த்துத் திண்ணையை நீட்டிக் குறைத்துக்கொள்ளும். மட்டமான கருவிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மூன்றாவது, இழப்பு. ஒரு பொட்டலம் தொலைந்தால் முந்தின பொட்டலத்தின் சாயலிலேயே ஒன்றைச் சமைத்து ஒட்டுப் போட்டுவிடும் யுக்தி கருவியிடம் இருக்கிறது, காது கண்டுபிடிக்காது. தொடர்ந்து நாலைந்து தொலைந்தால் ஒட்டு வெளியே தெரிந்துவிடும். தமிழுக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு என்பது என் அபிப்பிராயம். நம் இலக்கணக்காரர்கள் கண்ணிமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்று அளந்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பங்கு வைத்திருக்கிறார்கள். சாதாரணப் பேச்சில் ஒரு குறிலுக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி என்று வைத்துக்கொண்டால், அது ஐந்து பொட்டலம். படத்துக்கும் பாடத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஐந்து பொட்டலந்தான். "பத்தாயிரம் அனுப்பு" என்பதற்கும் "பாத்து அனுப்பு" என்பதற்கும் இடையில் எங்கள் குடும்பத்தில் ஒருமுறை நேர்ந்த குழப்பத்தை இங்கே விவரித்தால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார்.

இனி, மாப்பிள்ளை கம்பெனியை மாற்ற நினைத்த காரணத்துக்கு வருகிறேன். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் இன்டர்நெட் போன் இருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் குரல் நறுக்கு நறுக்காக வருகிறது என்பது அவர்களுடைய புகார். ஒரு வாரம் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கவனித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, விளையாடி, சாப்பிட்டு, பேரன் தான் எடுத்த வீடியோவை இணையத்தில் ஏற்றத் தொடங்கும் நேரமும் அதுவேதான். அவர்களுடைய கேபிள் இணைப்பில் உள்ளே வரும் பாதை ராஜபாட்டை. வெளியே போகும் பாதை சந்து. அந்தச் சந்தின் முனையில் ரவுட்டர் ஒரு பெரிய கிடங்கை வைத்துக்கொண்டு, வந்ததையெல்லாம் வாங்கி வரிசையில் நிறுத்துகிறது. கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏற்றிய லாரிகள் நாற்பது நின்றுகொண்டிருக்க, நடுவில் தந்திச் சேவகன் சைக்கிளோடு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ரவுட்டரின் அமைப்புக்குள் போய், குரல் பொட்டலத்துக்கு முதல் இடம் கொடுத்து, வீடியோ ஏறும் வேகத்தைச் சந்தின் அகலத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டி நிறுத்தினேன். அன்று முதல் ஏழு மணிப் புகார் ஓய்ந்தது. கம்பெனியின் மேல் இரண்டு வருஷமாகச் சுமத்தி வந்த பழியில் பாதி அந்தப் பத்து நிமிஷத்தில் கரைந்துவிட்டது.

சில ரவுட்டர்களில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஓர் உபகாரி வேறு உட்கார்ந்திருக்கிறார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று பொட்டலத்தின் விலாசத்தைத் திருத்தி எழுதி, மணி அடித்தும் ஒரு பக்கத்துக் குரல் மாத்திரம் கேட்காதபடி செய்துவிடுவார். அவரை அணைத்து வைப்பது உத்தமம்.

சாலை கம்பெனியாருடையது அல்ல, வீட்டுச் சந்தும் அவர்களுடையது அல்ல என்றால், மாதாமாதம் அவர்களுக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறோம்? மூன்று காரியங்களுக்காக. நம்முடைய கருவி இந்த நிமிஷத்தில் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்ற ஏட்டை அவர்கள் வைத்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து பழைய தொலைபேசி வலைக்குள் நுழைவதற்கு ஒரு வாசலை வைத்திருக்கிறார்கள். நம்முடைய எண்ணை வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றில்கூடப் பலர் பலவற்றை மொத்த வியாபாரிகளிடம் வாடகைக்கு எடுத்தே நடத்துகிறார்கள். அது குற்றமல்ல, ஆனால் எந்த வாசல், யாருடைய எண் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த கம்பெனிக்கும், "அதெல்லாம் எதுக்கு சார்" என்று மழுப்புகிற கம்பெனிக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வாசலைப் பற்றி ஒரு சங்கதி. இந்தியாவுக்கு அழைப்பு மலிவாகப் போக வேண்டும் என்பதற்காகச் சிலர் கொல்லைப்புற வழியைப் பிடிக்கிறார்கள். ஊரில் யாரோ ஒருவர் அறை ஒன்றில் சிம் கார்டுகள் வரிசையாகச் செருகிய பெட்டியை வைத்திருப்பார். அயல்நாட்டு அழைப்பு இணையம் வழியாக அந்தப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர் செல்போன் அழைப்பாக வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வரும். இது சட்டவிரோதம், இத்தகைய பெட்டிகளைப் போலீசார் கைப்பற்றிய செய்தியை நம் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் அமெரிக்காவிலிருந்து பேசும்போது, எதிர்முனையில் இருப்பவர் "யாருடா இது, ஏதோ நம்ம ஊரு நம்பரா வருதே?" என்று கேட்டால், உங்கள் கம்பெனி அல்லது அதற்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி கொல்லைப்புறமாகப் போகிறார் என்று அர்த்தம். அக்கா அப்படிக் கேட்ட அன்றே நான் அந்தப் பழைய கம்பெனியை மனத்தில் தள்ளுபடி செய்துவிட்டேன்.

அந்தக் கம்பெனியின் மேலிருந்த பழியின் மற்றப் பாதி கரையாமல் நின்றதற்குக் காரணம் விலாச விஷயம். செப்புக் கம்பி எந்த வீட்டில் போய் முடிகிறதோ அதுவே விலாசம். கம்பி பொய் சொல்லாது. இணையத் தொலைபேசிக் கருவியையோ பெட்டியில் வைத்துக் கலிபோர்னியாவுக்கு எடுத்துப்போய்ச் செருகினாலும் அதே எண்ணில் மணி அடிக்கும். வசதிதான், ஆனால் அங்கிருந்து அமெரிக்காவின் அவசர எண்ணான 911-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்கு வரும்? 2005 பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டுக்குள் புகுந்தவர்கள் பெற்றோரைச் சுட்டபோது, அவர்களுடைய மகள் வீட்டிலிருந்த இணையத் தொலைபேசியில் 911-ஐ அழைத்தாள். அழைப்பு அவசர நிலையத்துக்குப் போகவில்லை. பதிவு செய்த குரல் ஒன்றுதான் கேட்டது. அவ்வருஷம் மே மாதத்திலேயே, இத்தகைய கம்பெனிகள் யாவும் 120 நாளைக்குள் 911 வசதியைக் கொடுத்தே தீர வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் கட்டளையிட்டது. கட்டளை பிறந்துவிட்டது, ஆனால் விலாசத்தைக் கொடுக்க வேண்டியது சந்தாதாரர். என் மகளுடைய கணக்கைத் திறந்து பார்த்தால், பில் விலாசம் புது வீடு. அவசர விலாசம், அவர்கள் காலி செய்து இரண்டு வருஷமான பழைய அபார்ட்மென்ட். இரண்டும் வெவ்வேறு என்று கம்பெனி ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தியதில்லை. வீட்டில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வருஷத்தையும் அவர்கள் கடந்திருக்கிறார்கள் என்பதை எண்ணியபோது எனக்குக் காபி இறங்கவில்லை.

வருஷச் சந்தாவைப் பற்றி மாப்பிள்ளைக்கு நான் சொன்னது ஒரு சரித்திரம். வர்ஜீனியா மாநிலத்தில் வியன்னா என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு சன்ராக்கெட் என்ற இணையத் தொலைபேசிக் கம்பெனி இருந்தது. வருஷத்துக்கு 199 டாலரை முன்பணமாகக் கட்டிவிட்டால் போதும் என்பது அதன் பிரசித்தமான திட்டம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சந்தாதாரர்கள் ஆனார்கள். 2007 ஜூலை 16-ஆம் தேதி அது கதவைச் சாத்திக்கொண்டது. போன வாரம் ஒரு வருஷப் பணம் கட்டியவரும், அதற்கு முந்தின வருஷம் கட்டியவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பணத்தைக் காட்டிலும், பத்து வருஷமாக உறவினர்களுக்கெல்லாம் மனப்பாடமான எண் போய்விடுமோ என்பதே அவர்களில் பலருடைய தவிப்பு. இணையத் தொலைபேசி எண்ணையும் இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சட்டபூர்வமான உரிமை உண்டு என்று கமிஷன் தீர்மானித்தது அவ்வருஷம் அக்டோபர் கடைசியில்தான். முன்பணத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடி என்பது, அந்தக் கம்பெனிக்கு நாம் கொடுக்கும் வட்டியில்லாக் கடனுக்கு அது கொடுக்கும் மரியாதை. கடன் வாங்குகிறவருடைய யோக்கியதையை விசாரிக்காமல் யாரும் கடன் கொடுப்பதில்லை.

யோக்கியமான கம்பெனிக்கும் துன்பம் வரும். 2021 செப்டம்பரில் கனடாவின் வாய்ப் டாட் எம்எஸ் கம்பெனியின் வாசலில், காசு பறிக்கும் நோக்கத்தோடு சிலர் பொய்ப் பொட்டலங்களை மலைமலையாகக் கொட்டி, ஏறக்குறைய இரண்டு வாரம் அதைத் திணற அடித்தார்கள். ஆகவே "உங்கள் சேவை எப்போதாவது நிற்குமா?" என்று கேட்பது வீண், எல்லாம் நிற்கும். "நின்றுபோனால் எனக்கு வரும் அழைப்பு எங்கே போகும்?" என்று கேட்பதே விவேகம். நல்ல கம்பெனிகள், வீட்டுக் கருவி பதில் சொல்லாவிட்டால் அழைப்பைத் தாமாகவே செல்போனுக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று அறிய, கருவியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அடுத்த அறையிலிருந்து வீட்டு எண்ணை அழைத்துப் பார்த்தால் போதும். வர்ணக் காகிதத்துக் கம்பெனிக்குப் போன் செய்து இதைக் கேட்டேன். விற்பனைப் பிரிவில் ஒரு நிமிஷத்தில் எடுத்தார்கள். "இது உதவிப் பிரிவின் விஷயம்" என்று அங்கே மாற்றினார்கள். நாற்பது நிமிஷம் வாத்திய சங்கீதம் கேட்டேன். பிறகு தொடர்பு அறுந்தது. டெலிபோன் கம்பெனியின் டெலிபோனே அப்படி இருந்தது.

வரி, இதர கட்டணம், ரகசியக் காப்பு முதலியவற்றை எல்லாம் இரண்டே கேள்வியில் முடித்துக்கொள்ளலாம்: மாதக் கடைசியில் பில்லில் இருக்கப்போகும் முழுத்தொகை என்ன, பேச்சு வழியில் சங்கேதமாக்கப்பட்டுப் போகிறதா. பிராட்பேண்டின் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஒரு பேச்சுக்குச் சீட்டையும் சேர்த்து வினாடிக்கு 80,000 பிட் போதும், நூறு மெகாபிட் இணைப்பில் அது கடலில் கரைத்த பெருங்காயம். பார்க்க வேண்டியவை நடுக்கமும் இழப்பும், அதுவும் ஊரெல்லாம் சினிமா பார்க்கும் இரவு எட்டு மணிக்கு.

கடைசியில், வருஷச் சந்தா வேண்டாம் என்று, மாதக் கணக்கில் கொடுக்கும் வேறொரு கம்பெனியைப் பிடித்தோம். விலை காகிதத்தில் கண்டதைப்போல் ஒன்றரை மடங்கு. முதலில் அவர்கள் கொடுத்த ஒரு தாற்காலிக எண்ணிலேயே மூன்று வாரம் பேசிப் பார்த்தோம். அக்காவின் செல்போனில் எங்கள் எண்ணே தெரிந்தது. 933 என்ற சோதனை எண்ணை அழைத்தபோது, 911-க்குப் போகும் விலாசத்தை ஒரு யந்திரக் குரல் வாசித்துக் காட்டியது. கதவு எண் வரையில் சரியாக இருந்தது. மோடம், ரவுட்டர், டெலிபோன் கருவி மூன்றுக்குமாகச் சுமார் 25 வாட் ஆகிறது என்று அளந்து, 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி கொண்ட சின்ன யு.பி.எஸ். ஒன்றை வாங்கி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இருபத்து நாலு கலங்களைக் கட்டி மேய்த்தவனுக்கு அது பொம்மைச் சாமான். இருட்டில் மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். இருந்தாலும் அன்றிரவு அதைச் செருகிவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, இருட்டில் ரிஸீவரைக் காதில் வைத்து டயல் டோனைக் கேட்டபோது, "என்ன மாமா, சிரிக்கிறீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

பழைய எண் புதுக் கம்பெனிக்கு மாறிவர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் இரண்டு கணக்குகளும் உயிரோடு இருந்தன. நாலாவது நாள்தான் பழையதை முடித்தோம். கணக்கை முதலில் முடித்துவிட்டால் எண்ணும் அதோடு போய்விடக்கூடும். ஆகையால், புதுக் கருவியில் உங்கள் பழைய எண்ணில் மணி அடிப்பதை உங்கள் காதால் கேட்கும் வரையில் பழைய கம்பெனிக்கு ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.